திரையில் விலை, தட்டில் ஏலக்காய்

போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் ஏல மையத்தில் வியாபாரிகள் வரிசையாகக் கணினிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். திரையில் லாட் எண், மூட்டைக் கணக்கு, எடை, ஏறிக்கொண்டே போகும் விலை எல்லாம் தெரியும். யாரும் குரல் கொடுத்துக் கேட்பதில்லை. விசையைத் தட்டினால் விலை ஏறும். தட்டுவது நின்றால் அந்த லாட் முடிந்தது, அடுத்தது வரும். ஆனால் கணினிக்குப் பக்கத்திலேயே அந்த லாட்டிலிருந்து எடுத்த சாம்பிள் ஏலக்காயும் இருக்கும். அதைத் தட்டில் கொட்டிப் பரப்பி, பச்சை எப்படி, எட்டு எம்.எம். அளவுள்ள ‘போல்டு’ என்ற பருத்த காய் எவ்வளவு தேறும், வாய் பிளந்த காய் எத்தனை என்று பார்ப்பார்கள். ஒரு காயை நகத்தால் கீறி, விதை கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, முகர்ந்தும் பார்த்த பிறகுதான் விரல் விசைக்குப் போகும்.

டிஜிட்டல் வந்துவிட்டது, இனிமேல் பழைய பொருள்களுக்கும் பழைய ஊடகங்களுக்கும் வேலை இருக்காது என்று பேசுகிறவர்கள் இந்த மேசையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஏலக்காய் விளைவது பெரும்பாலும் மேற்கே மலைமேல், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். வண்டன்மேடு, நெடுங்கண்டம், குமுளிப் பக்கத் தோட்டங்களுக்குக் கம்பம், கூடலூர், போடியிலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப் ஏறிப் போகிறவர்கள் ஏராளம். காயைச் சலித்து, தரம் பிரித்து, மூட்டை கட்டி வெளியூர் அனுப்பும் வேலையில் பெரும்பங்கு போடிக்கு. இங்கே முன்பெல்லாம் வாய்விட்டுக் கேட்கிற ஏலம்தான். யார் எவ்வளவு கேட்கிறார் என்பது கூடத்துக்கே தெரியும். தெரிந்தவர் கேட்கிறாரே என்று இன்னொருவர் ஒதுங்கிக்கொள்ளவும் அதில் இடம் உண்டு. 2007 வாக்கில் மின்னணு ஏலம் வந்தது. இடுக்கியின் புற்றடியிலும் அதே ஏற்பாடு. 2021 நவம்பரில் இரண்டு மையங்களையும் இணையத்தில் கோத்து, இரண்டில் எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாலும் ஒரே ஏலத்தில் கலந்துகொள்ளும்படி செய்தார்கள். 2019 ஆகஸ்டில் புற்றடியில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட விலைச் செய்தி இன்றைக்கு ஏலம் முடிவதற்கு முன்பே தோட்டக்காரரின் செல்போனுக்கு வந்துவிடுகிறது. விவசாயிக்கு இது பெரிய லாபம், சந்தேகமே இல்லை.

ஆக, கூச்சல் போயிற்று, அலைச்சல் குறைந்தது, கேட்பவர் யார் என்ற கூச்சமும் போயிற்று. சாம்பிள் மட்டும் போகவில்லை. காயின் நிறத்தைப் படம் எடுத்து அனுப்பலாம். மணத்தை அனுப்ப வழியில்லை. ஒரு லிட்டர் அளவில் எத்தனை கிராம் காய் நிற்கும் என்ற ‘லிட்டர் வெயிட்’ கணக்கைத் திரையில் காட்டலாம்; அதை அளந்து சொல்ல ஒரு கையும் ஒரு தராசும் வேண்டியிருக்கிறது. செய்தியாக மாற்றக்கூடிய பகுதியை டிஜிட்டல் எடுத்துக்கொண்டது. பொருளாகவே இருந்தாக வேண்டிய பகுதி மேசையில் தங்கிவிட்டது. எது போகும், எது இருக்கும் என்று கணிக்க இதைவிடத் தெளிவான அளவுகோல் கிடைப்பது கடினம்.

இந்த அளவுகோலைச் சினிமாவுக்கு வைத்துப் பார்க்கலாம். போடி இருக்கும் தேனி மாவட்டத்துக்கு அதில் தனி உரிமை உண்டு. அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜா, பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜா, வடுகபட்டியிலிருந்து வைரமுத்து. 1976-இல் ‘அன்னக்கிளி’யும் 1977-இல் ‘16 வயதினிலே’யும் தமிழ்நாட்டின் கொட்டகைகளுக்குப் போனது தகரப் பெட்டிகளில். ‘படப்பெட்டி வந்துருச்சா?’ என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் வரிசையில் நிற்பார்கள். 35 எம்.எம். பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி, பதினான்கு பதினைந்து ரீல். ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர்கள் பங்கு போட்டுக்கொண்டால், ஓடி முடிந்த ரீல் சைக்கிளில் அடுத்த தியேட்டருக்குப் பறக்கும். ஆபரேட்டர் அறையில் இரண்டு புரொஜெக்டர்கள். ரீல் முடியும் நேரத்தில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்னப் பொட்டு கண்சிமிட்டிப் போகும். அதைப் பார்த்ததும் அடுத்த புரொஜெக்டரை ஓடவிட வேண்டும். ஏழெட்டு நொடியில் இரண்டாவது பொட்டு. அப்போது மாற்ற வேண்டும். பார்க்கிறவர்களுக்கு எதுவும் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் விசில் பறக்கும்.

அந்த வேலை இன்று இல்லை. சென்னையில் உருவான க்யூப் போன்ற டிஜிட்டல் திரையிடல் முறைகள் 2005-க்குப் பிறகு பரவ, பத்தே ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தியேட்டர்களிலிருந்து பிலிம் பிரிண்ட் மறைந்தது. கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. ஃபுஜி 2013-இல் பெரும்பாலான சினிமா பிலிம்களின் தயாரிப்பை நிறுத்தியது. தேனியில் ஒரு படம் வெளியாவதும் சென்னையில் வெளியாவதும் இன்று ஒரே காலைக் காட்சியில். முன்பு பிரிண்ட் பற்றாக்குறையால் சிற்றூர்க் கொட்டகைக்கு வாரக்கணக்கில் தாமதமாகப் படம் வந்த காலத்தை நினைத்தால், இந்த மாற்றத்தைக் குறை சொல்லவே முடியாது. திரையிடல் என்ற வேலையில் பழைய பொருள் முழுதாகத் தோற்றது என்பதே உண்மை.

ஆனால் படத்தைக் காட்டுவது வேறு, காப்பது வேறு.

அமெரிக்காவில் ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமி 2007-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ஒரு படத்தின் மூலப் பிரதியைப் பிலிமாக வைத்துக் காக்க ஆண்டுக்கு 1,059 டாலர். அதையே உயர்தர டிஜிட்டல் பிரதியாக வைத்துக் காக்க 12,514 டாலர் என்று அது கணக்குச் சொன்னது. ஏறக்குறைய 12 மடங்கு. அதற்குப் பிறகு சேமிப்புச் செலவு குறைந்திருக்கிறது, ஆனால் செலவின் காரணம் அப்படியே இருக்கிறது. பிலிமைக் குளிர்ச்சியான, ஈரமில்லாத அறையில் வைத்துப் பூட்டினால் நூறாண்டு தாங்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் படம் தெரியும். டிஜிட்டல் கோப்பை அப்படிப் பூட்டி வைக்க முடியாது. ஹார்ட் டிஸ்க் சில ஆண்டுகளில் பழுதாகலாம். பெரிய நிறுவனங்கள் சேமிப்புக்குப் பயன்படுத்தும் எல்.டி.ஓ. என்ற காந்த நாடாவிலும், புதிய கருவி முந்தைய ஒன்றிரண்டு தலைமுறை நாடாக்களுக்கு மேல் படிக்காது. அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய நாடாவுக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருமுறை மறந்தால் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது, உலகின் பெரிய கணினிச் சேமிப்பகங்கள் தங்கள் கடைசிப் பாதுகாப்பாக இன்றும் நாடாவை நம்புகின்றன என்பது. இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. உலகெங்கும் உள்ள மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்து வைக்கும் கிட்ஹப் நிறுவனம், 2020-இல் தன்னிடமிருந்த திறந்த நிரல்களை 21 டெராபைட் அளவுக்குத் திரட்டி, 186 பிலிம் சுருள்களில் பதித்து, வடதுருவத்துக்கு அருகே ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் பழைய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுக்குள் வைத்தது. டிஜிட்டல் உலகத்தின் அடிப்படையான எழுத்தையே ஆயிரம் ஆண்டுக் கணக்கில் காக்க வேண்டும் என்றபோது அவர்கள் தேர்ந்தெடுத்தது பிலிம்.

பிலிம் அழியாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைக்காது. நடராஜ முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ என்ற மௌனப் படமும் இல்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும். பின்னால் வந்த அசிடேட் பிலிம் புழுக்கத்தில் காடி வாடை அடித்துச் சுருங்கிப் போகும். 2003 ஜனவரியில் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்திலேயே தீ விபத்து நடந்து பழைய நைட்ரேட் பிலிம்கள் எரிந்தன. வெள்ளி உருக்கி எடுக்கப் பழைய பிலிமை எடைக்குப் போட்டவர்களும் உண்டு. 2017 அக்டோபரில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் சென்னையில் பிலிம் பாதுகாப்புப் பயிற்சி முகாம் நடத்தியது. பிரசாத் லேபில் நடந்த அந்த முகாமில் கிழிந்த பிலிமை ஒட்டவும் துடைக்கவும் கையால் கற்றுக்கொடுத்தார்கள். இந்தத் திறமை தெரிந்தவர்கள் நம்மிடம் மிகக் குறைவு. டிஜிட்டல் வந்துவிட்டது என்ற நிம்மதியில் பெட்டிகளைத் தூக்கிப் போட்டதுதான் தமிழ் சினிமாவுக்கு நடந்த பெரிய இழப்பு.

பாட்டுக்கும் இதே கதைதான், கொஞ்சம் வேறு விதமாக. பேப்பரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, வெறும் கேசட்டில் பதிவு செய்து வாங்கிய ரெக்கார்டிங் சென்டர்கள் தேனியிலும் கம்பத்திலும் மட்டுமல்ல, எந்த ஊரிலும் இனி வரப்போவதில்லை. ஆனால் அதற்கு முந்தைய எல்.பி. இசைத்தட்டு திரும்பி வந்துவிட்டது. அமெரிக்காவில் 2022-இல் 4.1 கோடி இசைத்தட்டுகள் விற்றன, சி.டி. 3.3 கோடிதான். எண்ணிக்கையில் இசைத்தட்டு சி.டி.யை முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல்முறை. பாட்டுக் கேட்கச் செல்போன் போதும். கையில் வைத்துக்கொள்ள ஒரு பொருள் வேண்டும் என்கிற ஆசை செல்போனால் தீரவில்லை.

வானொலியைப் பற்றிச் சொல்லாமல் கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேச முடியாது. மலை உச்சியிலிருந்து ஒலிபரப்பாகும் கொடைக்கானல் எஃப்.எம்., 100.5 மெகாஹெர்ட்ஸில், தேனி மாவட்டத்து டீக்கடைகளிலும் தோட்ட ஜீப்புகளிலும் பழகிப்போன குரல். மேகமலைப் பக்கமோ போடிமெட்டுச் சாலையிலோ செல்போன் சிக்னல் வளைவுக்கு வளைவு வந்து போகும் இடங்களில் எஃப்.எம். பாடிக்கொண்டே வரும். அதற்கு டேட்டா வேண்டாம். ஒரு கோபுரம் நின்றால் எத்தனை லட்சம் பேர் கேட்டாலும் நெரிசல் இல்லை. நார்வே 2017-இல் எஃப்.எம். தேசிய ஒலிபரப்பை நிறுத்தி டிஜிட்டல் வானொலிக்கு மாறியது. இந்தியா எதிர்த்திசையில் யோசித்தது. பேரிடர்க் காலத்தில் வேறு எதுவும் வேலை செய்யாதபோது வானொலி கைகொடுக்கும் என்பதால், எல்லா செல்போன்களிலும் எஃப்.எம். வசதி இருக்க வேண்டும் என்று 2023-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. நல்ல அறிவுரை. அதைக் கட்டாயமாக்கியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

டிஜிட்டல் வந்தால் பொருள்கள் குறையும் என்ற நம்பிக்கைக்கும் தேனி வீதிகளில் பதில் இருக்கிறது. வீரபாண்டி சித்திரைத் திருவிழாவோ கல்யாணமோ காதுகுத்தோ, தெருவின் இரண்டு பக்கமும் ஃபிளெக்ஸ். கணினியில் வடிவமைத்து, டிஜிட்டல் எந்திரத்தில் அச்சிட்ட பிளாஸ்டிக். இதே சுவர்களில் ஒரு தலைமுறைக்கு முன்னால் சுண்ணாம்பு அடித்து, கட்டம் போட்டு, சரிகைக்கரை போட்ட எழுத்துகளை பிரஷ்ஷால் எழுதிய ஓவியர்கள் இருந்தார்கள். ஊருக்கு ஊர் அவர்கள் கையெழுத்து வேறு. டிஜிட்டல் அச்சு அவர்களுடைய பிழைப்பை எடுத்துக்கொண்டது, ஆனால் விளம்பரப் பலகையை ஒழிக்கவில்லை. பலகை பல மடங்கு பெருகியது, மட்காத குப்பையானது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகுதான் அரசும் நீதிமன்றமும் கடுமை காட்டின. இங்கே பழையதை இழந்ததற்கு ஈடாக நாம் பெற்றது ஒன்றுமில்லை.

காலம் என்ற கேள்விக்கு வந்தால் கம்பம் பள்ளத்தாக்கைப் போல யோசிக்க வைக்கும் இடம் வேறு கிடைக்காது. இந்தப் பள்ளத்தாக்கின் இருபோக நெல்லும் திராட்சையும் தென்னையும் ஒரு காகிதத்தின் பலத்தில் நிற்கின்றன. திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே 1886 அக்டோபர் 29-இல் கையெழுத்தான பெரியாறு குத்தகை ஒப்பந்தம் அது. காலம் 999 ஆண்டுகள். அதன் பேரில் பொறியாளர் பென்னிகுவிக் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கல்லும் வைத்துக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. பின்னால் கான்கிரீட்டால் பலப்படுத்தியிருக்கிறார்கள், உள்ளே இருப்பது அந்தப் பழைய கட்டுமானம்தான். தமிழ்நாடும் கேரளமும் உச்ச நீதிமன்றம் வரை வாதாடி, 2014 மே 7-இல் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்ற தீர்ப்பு வந்தபோதும் அந்த ஒப்பந்தம்தான் வழக்கின் நடுவில் இருந்தது. அது முடிய இன்னும் 850 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. இன்று நாம் எல்லோரும் ஆவணங்களைச் சேமிக்கும் பி.டி.எஃப். வடிவம் 1993-இல்தான் பிறந்தது. 1990-களில் ஃபிளாப்பியில் தட்டச்சு செய்து வைத்த ஒரு கடிதத்தை இன்று திறந்து காட்டச் சொன்னால் பெரும்பாலோரால் முடியாது. ஒப்பந்தத்தை டிஜிட்டலாக்கி வைப்பது நல்லது, பலர் படிக்கலாம். மூலக் காகிதத்தின் இடத்தை அது பிடிக்காது.

அதற்கும் முன்னால் போனால், 2006-இல் ஆண்டிப்பட்டி வட்டத்தில் வைகைக் கரையில் உள்ள புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்கள் கிடைத்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அப்போது பேராசிரியராக இருந்த கா. ராஜனின் குழு கண்டெடுத்தது. மூன்றிலும் தமிழ்-பிராமி எனப்படும் தமிழி எழுத்து. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை, இந்தியாவில் எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழமையானவை என்று அறிஞர்கள் மதிப்பிடுகிறார்கள். அவற்றில் ஒரு கல், கூடலூரில் நடந்த ஆநிரை கவர்தலில் இறந்துபட்ட தீயன் அந்தவன் என்ற ஆளுக்காக நட்டது. அது கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூராக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். ஒரு மாட்டுச் சண்டையில் செத்த மனிதனின் பெயர், மழையிலும் வெயிலிலும் கிடந்து, இன்றைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. நடுவில் யாரும் அதை வேறொன்றுக்குப் படி எடுத்து மாற்றவில்லை, மின்சாரம் கொடுக்கவில்லை. இருந்தும், கல்லும் அழியும். அதே இடத்தில் கிடைத்த இன்னொரு கல்லின் மேற்பகுதி உடைந்து, எழுத்தில் ஒரு பகுதி போயேவிட்டது.

கல்வெட்டைப் படி எடுக்கும் விதமே இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நல்ல பாடம். கல்லைத் துலக்கி, நனைத்த காகிதத்தை மேலே விரித்து, கெட்டியான பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் காகிதத்தை இறக்குவார்கள். பிறகு மைப்பொதியால் ஒற்றினால் பின்னணி கறுத்து, எழுத்து வெள்ளையாக நிற்கும். இதுதான் மைப்படி. நூறாண்டுக்கும் மேலாக இந்தியத் தொல்லியல் துறை இப்படிச் சேர்த்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் மைசூரில் கிடந்தன. அவற்றைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கல் சிதைந்தோ திருப்பணியில் காணாமல் போயோ விட்ட இடங்களில் இன்று அந்தக் காகிதம் ஒன்றே சாட்சி. அதை மின்னுருவாக்கினால் உலகமே படிக்கும். ஆய்வாளருக்கு ஓர் எழுத்தில் ஐயம் வந்தால் காகிதத்துக்குத் திரும்ப வேண்டும். காகிதம் காலை வாரினால் கல்லுக்குப் போக வேண்டும். ஒன்றுக்கு ஒன்று துணை. புதியது வந்ததால் பழையதைக் கழிக்கலாம் என்று முடிவெடுத்த ஒவ்வொரு முறையும் நமக்கு ஒரு துணை குறைகிறது.

தமிழில் இதைச் சரியாகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்த நூல்கள், இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், திருமண அழைப்பிதழ்கள் எல்லாவற்றையும் வைத்து 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு முதலில் நுண்படமாக எடுத்தார்கள், பிறகு மின்னுருவாக்கினார்கள். மூலப் பிரதிகளைத் தூக்கிப் போடவில்லை.

தேனி மாவட்டத்தில் மூடிய தியேட்டரின் ஆபரேட்டர் அறையில், பழைய போட்டோ ஸ்டுடியோவின் பரணில், ஏலக்காய்க் கமிஷன் மண்டியின் மர அலமாரியில் இன்னும் பிலிம் துண்டும் நெகட்டிவும் கணக்குப் பேரேடும் கிடக்கின்றன. வீடு மாற்றும்போது, கடை காலி செய்யும்போது அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். உங்களிடம் இருந்தால், ஸ்கேன் எடுத்து உறவுக்காரர்களுக்கு அனுப்புங்கள், இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வையுங்கள், மூலத்தை ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். வைத்திருக்க முடியாது என்றால், வாங்கிக்கொள்வீர்களா என்று மாவட்ட மைய நூலகத்திலோ இப்படிப்பட்ட ஆராய்ச்சி நூலகத்திலோ ஒரு வார்த்தை கேளுங்கள். செல்போனில் மட்டும் கிடக்கும் குடும்பப் படங்களில் நல்லதாகப் பத்தைத் தேர்ந்தெடுத்து இந்த மாதமே பிரிண்ட் போட்டு, பின்பக்கத்தில் ஊர், பெயர், தேதி எழுதி வையுங்கள்.